கைநாட்டை மறுத்த கைத்தொலைபேசி

‘கைநாட்டு’ என்னும் சொல்லை நம்மவர் நெடுங்காலமாக ஏளனமாகவே வழங்கி வந்திருக்கின்றனர். எழுத்தறியாத ஒருவர் பத்திரத்திலே ஒப்பமிடுவதற்குப் பதிலாகப் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றுவார். அதைக் கண்டு நாலெழுத்துப் படித்தவர் தமக்குள் நகைத்துக்கொள்வார். இன்றோ காலம் தலைகீழாக மாறிவிட்டது. பேராசிரியரும், வைத்தியரும், வங்கி முகாமையாளரும் நாளொன்றுக்கு எத்தனையோ முறை தத்தம் கைத்தொலைபேசியிலே கைநாட்டு வைக்கின்றனர். விரல் பட்டதும் திரை திறக்கின்றது. படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி உலகம் முழுவதுமே கைநாட்டாகிவிட்டது எனலாம்.

ஆயினும் இதிலே ஒரு விந்தை உண்டு. எவருடைய விரல் உழைத்து உழைத்துத் தேய்ந்திருக்கின்றதோ, அவருடைய கைநாட்டைத்தான் இக்கருவி முதலில் மறுக்கின்றது. இந்த உண்மையை நாம் ஒரு நூலிலே படித்து அறிந்தோமல்லோம். கொக்கிளாயிலே ஒரு கடற்றொழிலாளியின் வீட்டு முற்றத்திலிருந்து அறிந்தோம்.

கொக்கிளாயில் ஒரு மாலை

முல்லைத்தீவிலிருந்து தெற்கே செல்லும் வீதி அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய் ஆகிய ஊர்களைக் கடந்து கொக்கிளாயை அடைகின்றது. ஒரு புறம் பெருங்கடல். மறு புறம் கடல்நீரேரி. நீரேரியின் வாய்க்கு அப்பால் தெரிவது திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை. கொக்கும் நாரையும் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் இந்த நீரேரி, 1951 ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆனால், பறவைகளுக்குக் கிடைத்த சரண் மனிதருக்குக் கிடைக்கவில்லை. 1984 ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வூர் மக்கள் உடுத்த உடையுடன் வெளியேறினர். போர் முடிந்த 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னரே, பலர் தாம் பிறந்த மண்ணை மீண்டும் மிதித்தனர்.

எம்மிடம் முன்னர் படித்த மாணவர் ஒருவரின் அழைப்பின் பேரில் அங்கே சென்றிருந்தோம். அது இறால் படுகின்ற காலம். மாலையிலே முற்றத்தில் அமர்ந்திருந்தபோது, அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். வயது அறுபத்தெட்டு. கையிலே பழந்துணியில் சுற்றிய ஒரு கைத்தொலைபேசி.

“மாஸ்ரர், நீங்கள் படிச்சனீங்கள். இதை ஒருக்காப் பாருங்கோ. என்ர விரலை இது ஏற்குதில்லை.”

விசாரித்தோம். வவுனியாவிலே மணமுடித்துக் கொடுத்த மகள் சித்திரை வருடப்பிறப்புக்கு வாங்கித் தந்த போன் அது. அவளே பெருவிரலைப் பதிந்து கொடுத்திருந்தாள். சில மாதங்கள் நன்றாகவே திறந்தது. பின்னர் மூன்று முறை வைத்தால் ஒரு முறை திறந்தது. இறுதியில் அடியோடு மறுத்துவிட்டு, “இரகசிய இலக்கத்தைக் கொடு” என்று கேட்கத் தொடங்கிவிட்டது. விரல் திறந்துகொண்டிருந்த காலத்தில் எவர்தாம் இலக்கத்தை நினைவில் வைத்திருப்பார்?

பட்டினத்துக் கடை ஒன்றிலே காட்டியிருக்கிறார். உணரி பழுது என்றும், மாற்றுவதற்குச் செலவாகும் என்றும், முதலில் ‘றீசெற்’ செய்து திறந்து தரலாம் என்றும் அங்கே கூறினராம். “பண்ணினா உள்ளுக்குள்ள இருக்கிறது எல்லாம் அழிஞ்சுபோம் எண்டும் அந்தத் தம்பி சொன்னவர். அதான் வேண்டாமெண்டு கொண்டு வந்திட்டன்.”

உள்ளே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டோம். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் சொன்னார். அவருடைய மனைவி இறந்து ஓராண்டு ஆகவில்லை. கல்யாணப் படம் 1984 இல் விட்டுவந்த வீட்டோடு போயிற்று. அதன்பின் எடுத்த படங்கள் இடப்பெயர்வுகளில் ஒவ்வொன்றாகத் தொலைந்தன. அம்மையாரின் கடைசி மாதங்களில் மகள் தன் போனில் எடுத்து இதிலே ஏற்றிக் கொடுத்த படங்களும், பேரப்பிள்ளையோடு அவர் பேசிய பேச்சும் மட்டுமே எஞ்சியவை. மகளின் போன் பின்னர் தண்ணீரில் விழுந்து பழுதாகிவிட்டது. ஆகவே, உலகத்தில் வேறெங்கும் அவற்றுக்குப் பிரதி இல்லை.

நாம் அக்கருவியை மிகுந்த எச்சரிக்கையுடன் கையில் வாங்கினோம்.

வரம்பும் பள்ளமும்

விரலடையாளம் என்பது யாது? நம் விரல் நுனியை உற்று நோக்கினால், வயலிலே வரம்பும் பாத்தியும் மாறிமாறி அமைந்திருப்பது போன்று மேடும் பள்ளமுமான வரிகளைக் காணலாம். தாயின் வயிற்றில் ஏறத்தாழப் பத்தாம் கிழமையளவில் உருவாகத் தொடங்கும் இவ்வரிகள், பிறக்குமுன்னரே நிலைபெற்றுவிடுகின்றன. இரட்டைப் பிள்ளைகளுக்கும் இவை ஒன்றாக அமைவதில்லை.

இதனை ஆளடையாளமாகக் கொள்ளும் வழக்கம் வளர்ந்ததிலே நம் அயல்நாட்டு மண்ணுக்கும் பெரும் பங்குண்டு. 1858 ஆம் ஆண்டிலே வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, வீதி அமைப்பதற்கான பொருள்களைத் தர உடன்பட்ட ராஜ்யதர் கொனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதிப்பித்தார். பின்னாளில் மறுத்துப் பேச இடமிருத்தல் ஆகாது என்பதே அவர் நோக்கம். விரலடையாளங்களை வகைப்படுத்தித் தேடும் முறையைக் கல்கத்தாவிலே வகுத்த பெருமை அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியருக்கு உரியது. 1897 ஆம் ஆண்டில் அங்கே விரலடையாளப் பணிமனை நிறுவப்பட்டது. 1901 இல் அம்முறை இலண்டன் ஸ்கொட்லாந்து யார்ட்டுக்குச் சென்றது. ஆனால், அது மேலதிகாரியாகிய எட்வேர்ட் ஹென்றியின் பெயராலேயே உலகிற் பரவிற்று.

இன்றைய கைத்தொலைபேசியில் மை இல்லை. அதற்குப் பதிலாக உணரி என்னும் சிறு உறுப்பு இருக்கின்றது. அது மூவகைப்படும். முதலாவது, பொத்தானிலோ பக்கவாட்டிலோ முதுகிலோ அமைந்திருப்பது. 2013 ஆம் ஆண்டில் அப்பிளின் ஐபோன் 5எஸ் வந்ததன்பின் இது பெருவழக்காயிற்று. இதனுள்ளே கண்ணுக்குப் புலப்படாத மின்தகடுகள் நெருக்கமாக வரிசையிட்டுள்ளன. விரலின் வரம்பு தொட்ட இடத்தில் மின்னேற்றம் ஒருவிதமாகவும், பள்ளம் நிற்கும் இடத்தில் வேறுவிதமாகவும் அமையும். அந்த வேறுபாட்டைக் கொண்டே உணரி படம் வரைகின்றது. இரண்டாவது வகை, திரையின் ஒளியை விரல்மேற் பாய்ச்சிப் படம்பிடிப்பது. 2018 இல் விவோ நிறுவனம் இதனைத் திரைக்கடியிலே வைத்து விற்பனைக்கு விட்டது. மூன்றாவது, செவிக்கெட்டாத ஒலியலையை அனுப்பி அதன் எதிரொலியை அளப்பது. கடலின் ஆழத்தைப் படகிலிருந்து ஒலியால் அறியும் கருவியின் தம்பி என்று இதனைச் சொல்லலாம். 2019 இல் சாம்சுங் கலக்ஸி எஸ்10 இதனைக் கொண்டு வந்தது.

எவ்வகையாயினும் உணரி தேடுவது வரம்பையும் பள்ளத்தையுமே. வரம்பு தேய்ந்துவிட்டால் அது என் செய்யும்? பெரியவரின் பெருவிரலைப் பார்த்தோம். நைலோன் கயிறும் வலையும் நாடோறும் உராய்ந்து நுனி வழவழவென்றிருந்தது. இறாலின் கொம்பு குத்திய வடுக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. உப்புநீரில் ஊறி வெடித்த தோல் ஒரு புறம். சித்திரையிலே மகள் பதிந்த விரல் வேறு. இறாற் காலத்துக்குப் பின் அவர் நீட்டிய விரல் வேறு. கருவி பொய் சொல்லவில்லை. அதற்கு ஆளைத் தெரியவில்லை, அவ்வளவே.

இவ்விடர் கடற்றொழிலாளருக்கு மாத்திரம் உரியதன்று. சீமெந்து குழைக்கும் மேசன், தும்பு திரிக்கும் பெண், நாள் முழுதும் பாத்திரம் துலக்கும் இல்லத்தரசி, முதுமையால் தோல் வரண்டவர் ஆகிய அனைவருக்கும் நேர்வது. எமக்கே நேர்ந்திருக்கின்றது. வகுப்பு முடிந்து வெண்கட்டித் தூளுடன் விரலை வைத்தால் போன் திறப்பதில்லை. காலையிலே திருநீறு அணிந்த விரலுக்கும் அதே கதிதான். 2009 இல் சிங்கப்பூர் வைத்தியர் ஒருவர் மருத்துவ ஏடொன்றிலே ஒரு சம்பவத்தை வெளியிட்டார். புற்றுநோய்க்குக் கபெசிற்றபின் என்னும் மருந்தை உட்கொண்டுவந்த அறுபத்திரண்டு வயதினர் ஒருவரின் விரல் வரிகள் அம்மருந்தினால் மறைந்துபோயின. அமெரிக்க விமான நிலையத்திலே விரலடையாளம் கிடைக்காமையால் அவர் நான்கு மணித்தியாலங்கள் மறித்து வைக்கப்பட்டார்.

பிள்ளையின் குரல்

பெரியவரிடம், “மகளிடம் இலக்கத்தைக் கேட்டிருக்கலாமே, ஐயா?” என்றோம்.

“அவளின்ர நம்பர் இதுக்குள்ளதானே கிடக்கு, மாஸ்ரர்.”

“அவர் உங்களுக்கு எடுப்பதில்லையா?”

“ஒவ்வொரு நாளும் பின்னேரம் எடுப்பாள். கதைக்கலாம். அதுக்குத் திறக்கத் தேவையில்லை.”

“பின்னே?”

“பிள்ளை ஆசையா வாங்கித் தந்தது. பழுதாக்கிப் போட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

இதற்குமேல் நாம் ஒன்றும் கேட்கவில்லை. பழுது கருவியிலுமில்லை, பெரியவரிடத்திலுமில்லை என்பதை அவருக்கு எடுத்துரைத்தோம். விளக்கு வைக்கும் வேளையில் மகளின் அழைப்பு வந்தது. எம்மிடமே தந்துவிட்டார். விடயத்தைக் கூறியதும் அவர் நகைத்தார். பின்னர் அவர் குரல் தழுதழுத்தது.

“அப்பாவுக்கு மறக்காதெண்டுதான் அந்த இலக்கத்தை வைச்சனான், சேர். அவரின்ர பழைய வள்ளத்தின்ர நம்பர்.”

2004 ஆம் ஆண்டுக் கடல்கோளிலே அடித்துச் செல்லப்பட்ட வள்ளம் அது. அதன் இலக்கத்தைப் பெரியவர் எப்படி மறப்பார்? வருடப்பிறப்பு அமளியிலே மகள் ஒரு முறை சொன்னது அவர் காதில் விழவில்லை, அவ்வளவுதான். நடுங்கும் விரலால் நான்கு எண்களையும் அவரே அழுத்தினார். திரை திறந்தது. அவர் முதலில் திறந்தது எதனை என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் எழுந்து வேலிப்பக்கம் சென்று, நீரேரியைப் பார்த்தவாறு சிறிது நேரம் நின்றோம்.

கடைக்குக் கொடுக்குமுன்

பின்னர் உணரியைச் சோதித்தோம். அயலிலே நின்ற பத்து வயதுச் சிறுவனின் விரலைப் பதிந்து பார்த்தோம். ஒரு நொடியில் ஏற்றுக்கொண்டது. ஆகவே உணரியிற் குற்றமில்லை. சிறுவனின் பதிவை உடனே அழித்துவிட்டு, பெரியவரின் இடக்கை மோதிர விரலை நன்னீரிற் கழுவித் துடைத்துப் பதிந்தோம். வலை அதிகம் தீண்டாத விரல் அது, முதன்முறையிலேயே திறந்தது. புதிய உணரிக்கென்று ஒரு சதமும் செலவாகவில்லை.

இவ்வனுபவத்திலிருந்து, இத்தகைய இடர் நேர்ந்த குடும்பத்தினர் கைக்கொள்ளத்தக்க முறையை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவதாக, இரகசிய இலக்கம் கைவசம் உள்ளதா என்பதை உறுதிப்படுத்துக. அஃது இல்லாதவரை போனை நிறுத்தி மீண்டும் இயக்குதல் ஆகாது. நிறுத்தி இயக்கியதும் பெரும்பாலான போன்கள் விரலை ஏற்பதில்லை, இலக்கத்தையே கேட்கும். விரலைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்ப்பதும் நன்றன்று. சில முறை தவறினால் விரலின் வாயில் மூடப்பட்டுவிடும்.

இரண்டாவதாக, உணரியை உலர்ந்த மென்றுணியாற் துடைக்குக. மணலாலும் சாம்பலாலும் தேய்த்தல், மண்ணெண்ணெய் இடுதல் முதலியன கேடு விளைவிக்கும். விரலில் உப்பு, எண்ணெய், மாவு, ஈரம் இருத்தல் ஆகாது. மிக வரண்ட விரலாயின் இரவிலே சிறிது தேங்காயெண்ணெய் பூசிக் காலையிற் கழுவலாம். தேய்ந்த வரம்பு மீண்டும் வளரும் என்பதை நினைவிற் கொள்க. அதன் மூலவடிவம் தோலின் உள்ளடுக்கிலே இருப்பதால், சில கிழமைகள் ஓய்வு கிடைப்பின் பழைய வரிகளே திரும்புகின்றன.

மூன்றாவதாக, திரைக்கடியில் உணரி உள்ளதாயின் மேலே ஒட்டியிருக்கும் காப்புக் கண்ணாடியைக் கவனிக்குக. தடித்த கண்ணாடி விரலை மறைக்கும். சில வேளைகளில் அதனினும் தீங்கு செய்யும். 2019 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் பிரித்தானியாவிலே ஒரு பெண்மணி தமது கலக்ஸி எஸ்10 போனுக்குச் சிலிக்கோன் உறையொன்றை இட்டபின், தமது விரலுக்கு மாத்திரமன்றிக் கணவரின் விரலுக்கும் அது திறப்பதைக் கண்டு திகைத்தார். உறையின் உட்புறத்து வடிவத்தையே உணரி விரலென மயங்கிற்று. சாம்சுங் நிறுவனம் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. ஆகவே உறையோ கண்ணாடியோ மாற்றினால் பழைய பதிவை அழித்து மீளப் பதிக. பதிந்தபின் பிறர் விரலுக்கும் திறக்கின்றதா என்று பார்க்க.

நான்காவதாக, வெவ்வேறு விரல்களைப் பதிக. ஒரே விரலை இரு முறை வெவ்வேறு சாய்வில் பதிதலும் உதவும். தொழில் செய்வோர் அதிகம் தேயாத விரலொன்றைத் தெரிதல் நன்று.

ஐந்தாவதாக, பிறிதொருவர் விரலைப் பதிந்து சோதிக்குக. அதனை ஏற்றால் உணரி நலம். எவர் விரலையும் ஏற்காவிடின், அல்லது பதியும் வசதியே திரையிற் தோன்றாவிடின், உணரி பழுதாகியிருக்கலாம். அப்போதே கடைக்குச் செல்க. சோதனை முடிந்ததும் அப்பதிவை அழிக்க மறவாதீர். உங்கள் போனில் இருக்கும் வங்கிக் கணக்கையும் அந்த விரல் திறக்கக்கூடும்.

கடைக்குச் செல்லுமுன் படங்களையும் பதிவுகளையும் வேறொரு கணினியிலோ நினைவட்டையிலோ பிரதி செய்துகொள்க. ‘றீசெற்’ என்பது வீட்டைப் பூட்டிய திறவுகோல் தொலைந்தமைக்காக வீட்டையே இடித்துக் கட்டுவது போன்றது. அவ்வாறு செய்தபின்னரும், பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுச் சில போன்கள் மறுப்பதுண்டு. உணரியை மாற்றுவதிலும் சிக்கல் இருக்கின்றது. ஐபோன்களிலே பொத்தான் உணரி தாய்ப்பலகையுடன் பிணைக்கப்பட்டிருந்தமையால், வெளிக்கடைகளில் அதனை மாற்றியோரின் போன்கள் மென்பொருள் புதுப்பித்தலின்போது ‘பிழை 53’ என்று காட்டிச் செயலிழந்தன. 2016 இல் அப்பிள் மன்னிப்புக் கோரித் திருத்தம் வெளியிட்டது. ஆயினும், வெளியாரிடம் திருத்தினமையால் உதவி இல்லை என்று வாடிக்கையாளருக்குக் கூறியமைக்காக, 2018 இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் அந்நிறுவனத்துக்குத் தொண்ணூறு இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது.

இன்னொரு வாயில் வேண்டும்

போன் திறவாமை ஒரு வீட்டின் கவலை. அதே விரல் அரிசிக்கும் ஓய்வூதியத்துக்கும் திறவுகோலாக்கப்படின் அது நாட்டின் கவலையாகும். இந்தியாவிலே 2010 முதல் வழங்கப்படும் ஆதார் இலக்கத்துடன் விரலையும் ஒப்பிட்டுப் பங்கீட்டுப் பொருள் வழங்கத் தொடங்கியபோது, வயோதிபரும் கூலித் தொழிலாளரும் விரல் பொருந்தாது வெறுங்கையுடன் திரும்பிய செய்திகள் பலவாக வந்தன. அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விரல் பொருந்தாமை காரணமாக உரியவருக்கு உதவி மறுக்கப்படமாட்டாது என்ற அரசின் உறுதிமொழி 2018 ஆம் ஆண்டுத் தீர்ப்பிலே இடம்பெற்றது. நம் நாட்டு அலுவலகங்களிலும் விரல் வைக்கும் இயந்திரங்கள் பெருகி வருகின்றன. அவற்றை அமைப்போர் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்: விரல் ஒரு வாயிலாக இருக்கலாம்; ஒரே வாயிலாக இருத்தல் ஆகாது.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. விடுமுறைக்கு ஊர் செல்கின்றீர்கள். பெற்றோருக்கும் பேரன் பேர்த்தியருக்கும் புதிய போன் வாங்கிக் கொடுத்து மகிழ்கின்றீர்கள். அவர்களுடன் அரைமணி நேரம் அமர்ந்து, இரகசிய இலக்கத்தை அவர்களே நாலைந்து முறை அழுத்திப் பழகச் செய்யுங்கள். அவர்களுக்கு மறக்க முடியாததாகவும் பிறரால் ஊகிக்க முடியாததாகவும் அது அமையட்டும். உங்கள் தொலைபேசி இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். படங்களுக்கு ஒரு பிரதி எடுத்து உங்களிடம் வைத்திருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பழுதானால் தயங்காமற் சொல்லும்படி கூறுங்கள்.

கொக்கிளாய்ப் பெரியவரின் படங்களை அன்றிரவே மகளுக்கு அனுப்பிவைத்தோம். புறப்படும்போது அவர் தமது தேய்ந்த பெருவிரலைத் தடவியவாறு, “இதை இனி வைக்கத் தேவையில்லையோ, மாஸ்ரர்?” என்று கேட்டார். இறாற் காலம் முடிந்து தோல் ஆறியதும் அதையும் மறுபடி பதியலாம் என்றோம். மறுநாள் விடியுமுன்னரே அவர் வலையுடன் நீரேரிக்குப் போய்விட்டதாக மாணவர் கூறினார்.